காமன் பொட்டல்: உடப்புசல்லாவைத் தோட்டங்களில் தனிமையும் துணைதேடலும்

நுவரெலியாவிலிருந்து கந்தப்பளை, இராகலை, ஹல்கரனோயா ஆகிய ஊர்களைக் கடந்து கிழக்கே இறங்கும் மலைப்பாதையில், வலப்பனைப் பிரதேசச் செயலகப் பிரிவுக்குள் அமைந்திருக்கும் உடப்புசல்லாவை, தேயிலை வணிகர்களிடையே நெடுங்காலமாகப் பெயர்பெற்ற வட்டாரம் ஆகும். இலங்கைத் தேயிலைக்கு வகுக்கப்பட்ட ஏழு விளைநில வட்டாரங்களுள் ஒன்றாக அது தனித்து எண்ணப்படுகிறது. ஊவாப் பக்கத்துக் காற்றும் வடகீழ்ப் பருவமழையும் அவ்விலைக்குத் தரும் நிறமும் மணமும் ஏல அறிக்கைகளில் ஆண்டுதோறும் பதிவாகி வந்துள்ளன. அவ்விலையைக் கிள்ளிய கைகளுக்கு உரியவர் யாரை மணந்தனர், எவரை இழந்தனர், துணையின்றி எத்தனை காலம் கழித்தனர் என்பன எந்த அறிக்கையிலும் இடம்பெறவில்லை. மலையும் பனியும் தொலைவும் அங்கு வாழ்ந்தோரைத் தனிமைப்படுத்தின என்று சொல்வது எளிது. ஆயினும் அத்தோட்டங்களின் கடந்தகாலத்தை ஆராய்வோர்க்கு, ஆள்சேர்ப்பு முறை, கடன், வீடமைப்பு, குடியுரிமைச் சட்டம் ஆகியவையே அத்தனிமையைப் படிப்படியாகச் செய்து முடித்தன என்பது புலனாகும்.

பழந்தமிழ் இலக்கண மரபு மலையும் மலைசார்ந்த இடமுமாகிய குறிஞ்சியைக் காதலர் கூடும் களமாக வகுத்தது. பொருள் தேடித் தலைவன் பிரிந்து செல்லும் துயரைப் பாலைக்கு உரியதாக்கியது. கடல் கடந்து செல்லும் பயணத்தில் பெண்ணை உடன் அழைத்துச் செல்லும் வழக்கம் இல்லை என்று பொருள்படும் விதியொன்றும் தொல்காப்பியத்தில் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கோப்பிக் காலத்தில் இராமநாதபுரம், மதுரை, புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், சேலம் முதலிய பகுதிகளிலிருந்து இலங்கைக்கு வந்தவர்கள் அவ்விதியை அறியாமலே அதன்படி நடந்தனர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவத்துக்குக் கூட்டமாக வந்து, பருவம் முடிந்ததும் ஊர் திரும்பிய அவர்களிற் பெரும்பான்மையோர் ஆடவர். பெண்களின் தொகை மிகச் சிறிது. மன்னாரில் கரையேறிக் காட்டுவழியாக மாத்தளை நோக்கி நடந்த அப்பயணத்தில் கொள்ளைநோயும் பசியும் பலரைக் கொன்றன. உயிருடன் மலையேறியவர்க்குக் குறிஞ்சி நிலம் பாலையாகவே அமைந்தது. ஊரில் காத்திருந்த மனைவிக்குத் தன் கணவன் வழியில் மாண்டானா, மலையில் இருக்கின்றானா என்று அறியும் வழி, அதே கூட்டத்தில் சென்று திரும்பிய இன்னொருவன் கொண்டுவரும் சொல் அன்றி வேறில்லை.

1869ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இலைத்துரு நோய் கோப்பியை அழித்தபின், 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் வணிக முறையில் தொடங்கிவைத்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. இம்மாற்றம் பயிர் மாற்றமாக மட்டும் நின்றுவிடவில்லை. கோப்பி ஆண்டின் சில மாதங்களுக்கே பெருந்தொகை ஆட்களைக் கேட்டது. தேயிலையோ வாரந்தோறும் கொழுந்து விடுவதால் ஆண்டு முழுவதும் ஆட்களைத் தோட்டத்திலேயே வைத்திருக்கச் சொன்னது. கொழுந்து கிள்ளும் வேலைக்குப் பெண்களும், கவ்வாத்து எனப்படும் செடி வெட்டும் வேலைக்கும் முள்ளு குத்துதல் எனப்படும் மண் கிளறும் வேலைக்கும் ஆடவரும் வேண்டப்பட்டதால், குடும்பம் குடும்பமாக ஆள் சேர்ப்பதே தோட்ட முதலாளிக்கு இலாபமாயிற்று. ஆகவே மலையகத் தமிழரின் இல்லறம் தோட்டத்தின் தேவையிலிருந்து பிறந்தது என்பது கசப்பான உண்மை. கணவனும் மனைவியும் ஒரே தோட்டத்தின் வேலைப்பதிவேட்டில் இரு பெயர்களாக எழுதப்பட்டனர். பிறந்த குழந்தை சில ஆண்டுகளில் மூன்றாம் பெயராயிற்று. 1927ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே குறைந்தபட்சக் கூலி வரையறுக்கப்பட்டபோது, உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு நாளொன்றுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என்று நிர்ணயிக்கப்பட்டதிலிருந்து, குடும்பம் முழுவதும் கூலிக்கணக்கில் எவ்வாறு எடைபோடப்பட்டது என்பதை அறியலாம். ஆணும் பெண்ணும் சம கூலி பெற 1984 வரை காத்திருக்க நேர்ந்தது.

இவ்வாறு குடும்பமாக வந்தவர்களும் தம் விருப்பப்படி இடம்பெயரவோ உறவு கொண்டாடவோ இயலாதவாறு அவர்களைப் பிணித்தது கங்காணி முறை. ஊரில் ஆள் சேர்த்து முன்பணம் கொடுத்து அழைத்துவந்து, தோட்டத்தில் அவர்களுக்குத் தலைவனாகவும் கடன் கொடுத்தவனாகவும் இருந்தவன் கங்காணி. பல சில்லறைக் கங்காணிகளைத் தனக்குக் கீழே வைத்திருந்தவன் பெரிய கங்காணி. தன் ஆட்களில் ஒவ்வொருவரும் வேலைக்கு இறங்கும் நாளுக்குத் தலைக்காசு என்ற பெயரில் ஒரு தொகை கங்காணிக்குக் கிடைத்ததால், ஆளைத் தக்கவைப்பதே அவனுடைய முதல் அக்கறையாக இருந்தது. ஒரு கூட்டத்தின் கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் ஆட்களை விடுவிப்போம் என்று தோட்டத்துரை எழுதிக்கொடுத்த சீட்டுக்குத் ‘துண்டு’ என்று பெயர். அத்துண்டு இல்லாமல் ஒருவரை வேறொரு தோட்டம் வேலைக்கு எடுப்பதில்லை. ஒரு தோட்டத்துப் பெண்ணும் அடுத்த தோட்டத்து ஆணும் மணம் புரிய விரும்பினால், இருவருள் ஒருவர் தோட்டம் மாற வேண்டும். மாற வேண்டுமானால் அவர் பெயரில் நின்ற கடன் தீர வேண்டும். பெண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டார் பரிசம் போடும் பழைய வழக்கத்தின் மேல் இவ்வாறு கங்காணியின் கணக்கும் வந்து ஏறியது. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்படும் வரை, ஒரு திருமணத்துக்கு இரு வீட்டாரின் சம்மதம் போதுமானதாக இருக்கவில்லை. பெரிய கங்காணியிடம் வெற்றிலை வைத்துச் சொல்லாமல் தோட்டத்தில் நல்லது கெட்டது எதுவும் நடப்பதில்லை என்ற வழக்கம் துண்டு ஒழிந்த பின்னும் பல பத்தாண்டுகள் நீடித்ததற்கு, மரியாதை மட்டுமே காரணமாகாது.

தோட்டத்து வீடமைப்பும் இக்கதையில் முதன்மையான இடம் பெறுகிறது. ஒரே கூரையின் கீழ் வரிசையாக, சில இடங்களில் முதுகோடு முதுகு ஒட்டியவாறு கட்டப்பட்ட அறைகளின் தொடருக்கு லயம் என்று பெயர். ஒவ்வொரு குடும்பத்துக்கும் கிடைத்த ஒற்றை அறை காம்பரா எனப்பட்டது. அதன் முன்புறம் இருந்த சிறு தாழ்வாரம் இஸ்தோப்பு. ஏறத்தாழ 10 அடிக்கு 12 அடி அளவுள்ள அந்த ஓர் அறையில் பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் புதிதாக மணமுடித்த மகனும் மருமகளும் சேர்ந்து வாழ்ந்தனர். சமைப்பதும் உறங்குவதும் பிள்ளை பெறுவதும் சாவதும் அங்கேயே நிகழ்ந்தன. புதுமணத் தம்பதியர்க்காக முதியோர் குளிரில் இஸ்தோப்பில் சாக்கை விரித்துப் படுப்பது லயத்து வாழ்வின் எழுதப்படாத நெறியாக இருந்தது. அண்டை அறையின் இருமல் இந்த அறையில் கேட்கும். கணவன் மனைவி மெல்லப் பேசிய சொல் மறுநாள் கொழுந்து மலையில் பேச்சாகும். தனிமை என்றதும் ஆளில்லா இடம் நினைவுக்கு வருவது இயல்பு. இங்கு நிலவியதோ ஆட்கள் நெருக்கியடித்த தனிமை. இருவர் ஒருவரோடு ஒருவர் மனம்விட்டுப் பேசுவதற்கு இடமில்லாத வீட்டில், மணமானவர்க்கும் துணை முழுமையாகக் கிடைத்ததில்லை. லயங்களைப் பற்றிய சுகாதார அறிக்கைகள் காற்றோட்டத்தையும் கழிவுநீரையும் அளந்தன. இவ்விழப்பை அளக்கும் அளவுகோல் அவற்றிடம் இல்லை.

அப்படியிருந்தும் இளையோர் ஒருவரையொருவர் கண்டுகொண்டனர். வேலையின் அமைப்பே அதற்குச் சில வாயில்களைத் திறந்துவைத்திருந்தது. விடியுமுன் தப்படித்து அழைக்கப்பட்டுப் பெரட்டுக்களத்தில், அதாவது வேலை பகிர்ந்தளிக்கும் திடலில், ஆணும் பெண்ணும் கூடினர். பின் மலையில் ஒவ்வொரு பெண்ணும் தனக்குரிய நிரையை, அதாவது கொழுந்து கிள்ளுவதற்குரிய செடி வரிசையைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். பீலி எனப்படும் நீர்க்குழாயில் தண்ணீர் எடுக்கும் நேரம், கொழுந்து நிறுக்கும் இடத்தில் காத்திருக்கும் நேரம், விறகு பொறுக்கச் செல்லும் மாலை, சம்பள நாளில் இராகலைக்கோ உடப்புசல்லாவைக் கடைத்தெருவுக்கோ நடந்து சென்று திரும்பும் வழி, மாரியம்மன் திருவிழா இரவு ஆகியன பார்வைகளும் செய்திகளும் பரிமாறப்பட்ட பொழுதுகள். தோட்டம் தனியார் சொத்தாக இருந்தமையால் வெளியார் உள்ளே நுழைய நிர்வாகத்தின் இசைவு வேண்டியிருந்தது. அதனால் ஒருவர் அறியக்கூடிய ஆண்களும் பெண்களும் பெரும்பாலும் அதே தோட்டத்தின் மேற்பிரிவு, கீழ்ப்பிரிவு ஆகியவற்றுக்குள் அடங்கினர். உறவினர் இருந்தால் அடுத்த தோட்டம் வரை அவ்வட்டம் விரிந்தது.

அந்தச் சிறு வட்டத்துக்குள்ளும் முறை என்னும் எல்லை இருந்தது. மாமன் மகள், அத்தை மகன் ஆகியோர் மணத்துக்கு உரியவர். பெரியப்பன், சித்தப்பன் பிள்ளைகள் உடன்பிறந்தார்க்கு ஒப்பானவர். கடல் கடந்து வந்தபோது உறவு வட்டம் சிதறிப்போனதால், உரிய முறைப்பெண் ஊரிலேயே தங்கிவிட்டவர் பலர். அவர்கள் ஒரே கங்காணியின் கூட்டத்தில் வந்தவர்களைப் பங்காளிகளென்றும் மாமன் மச்சான்களென்றும் புதிதாக உறவு வகுத்துக்கொண்டனர். இரத்த உறவில்லாத இருவர் முறை சொல்லி அழைத்து அழைத்தே உறவினராயினர் என்பது மலையகச் சமூகத்தின் பெரும் படைப்புகளில் ஒன்று. இதற்கு நேர்மாறாகச் சாதி எல்லை கடலில் கரையவில்லை. குடியானவர் என்று தம்மை அழைத்துக்கொண்ட சாதியினரும், பள்ளர், பறையர், சக்கிலியர் ஆகியோரும் பல தோட்டங்களில் வெவ்வேறு லயங்களில் குடியமர்த்தப்பட்டனர். 1975இல் வெளிவந்த ஆர். ஜெயராமனின் ஆய்வும், 1994இல் வெளிவந்த ஒட்வார் ஹொல்லுப்பின் ஆய்வும் தோட்டங்களில் சாதி எவ்வளவு தூரம் நிலைத்தது, எங்கே நெகிழ்ந்தது என்பதை விரிவாக ஆராய்ந்துள்ளன. ஒரே கூலியும் ஒரே அடிமைத்தனமும் பெற்ற மக்கள் திருமணத்தில் மட்டும் ஒருவரையொருவர் விலக்கிவைத்தது, அவர்கள் தம் தனிமைக்குத் தாமே சேர்த்துக்கொண்ட பங்கு என்று கூறுவதில் தவறில்லை.

விலக்கை மீறியோர்க்கு இருந்த வழி கூட்டிக்கொண்டு ஓடுதல். இருவரும் ஓரிரவில் தோட்டத்தைவிட்டு வெளியேறி, உறவினர் உள்ள வேறு தோட்டத்தில் தஞ்சம் புகுந்து, சில காலம் கழித்துத் திரும்பி வருவர். கங்காணியோ பிற்காலத்தில் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரோ கூட்டும் பஞ்சாயத்தில் குற்றப்பணம் கட்டி ஏற்றுக்கொள்ளப்படுவர். சில வேளைகளில் ஏற்றுக்கொள்ளப்படாமலே போவர். இவ்வழக்கம் ஒழுங்கீனம் என்று துரைமாராலும் ஊர்ப் பெரியவர்களாலும் பழிக்கப்பட்டது. எனினும் வீட்டிலும் வேலையிலும் தம் விருப்பம் கேட்கப்படாத இளையோர் வாழ்நாளில் ஒருமுறை தாமே எடுத்த முடிவு அதுவாகவே இருந்தது என்பதை நோக்கும்போது, அதனை மலையக மக்களின் உரிமை வரலாற்றில் ஒரு பகுதியாகவே கொள்ள வேண்டும். கணவனை இழந்த பெண்ணும் மனைவியை இழந்த ஆணும் மறுதுணை தேடிக்கொள்வதைப் பெரும்பாலான சாதிகள் தடுக்கவில்லை என்பதும் இங்கே குறிக்கத்தக்கது. நோயாலும் பேற்றுக் காலச் சாவாலும் துணை இழப்பு மிகுந்திருந்த சமூகத்தில் அந்த நெகிழ்ச்சி பலரைக் காப்பாற்றியது.

இவ்வாழ்வின் அகத்தை அறிவதற்கு எஞ்சியுள்ள சான்றுகளில் தலையாயவை பாடல்களே. வட்டகொடைக்கு அருகே மடக்கொம்பரைத் தோட்டத்தில் 1914இல் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை, நாடாளுமன்ற உறுப்பினராகவும் தொழிற்சங்கவாதியாகவும் கவிஞராகவும் விளங்கி 1984இல் மறைந்தவர், தோட்ட மக்களின் வாய்மொழிப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். அத்தொகுப்பில் தாலாட்டும் ஒப்பாரியும் கங்காணியை ஏசும் பாட்டும் இருப்பதோடு, மாமன் மகனை விளித்துப் பெண் பாடும் காதற்பாட்டுகளும் உள்ளன. கொழுந்து மலையில் ஒருத்தி தொடங்க அடுத்த நிரையில் நிற்பவள் எடுத்துப் பாடும் இப்பாட்டுகளில், பெண் தன் விருப்பத்தை மறைக்காமல் சொல்கிறாள் என்பது வியப்புக்குரியது. வீட்டில் வாய் திறவாதவள் மலையில் பாடினாள். ஒருவரைப் பெயர் சொல்லாமல் உறவுமுறையால் மட்டும் அழைக்கும் மரபு அவளுக்குக் காப்பாகவும் அமைந்தது; ஏனெனில் ஒரு தோட்டத்தில் மாமன் மகன் என்னும் முறை உடையோர் பலர் இருப்பர், பாட்டு எவரைக் குறித்தது என்பதை ஒருவர் மட்டுமே அறிவார்.

பாடலைவிட ஒரு படி மேலே சென்று, காதலையும் பிரிவையும் தோட்டம் முழுவதற்கும் பொதுவான சடங்காக்கியது காமன் கூத்து. தமிழ்நாட்டில் தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டைப் பகுதிகளில் காமன் பண்டிகை என்ற பெயரில் நடப்பதும், மன்மதன் எரிந்தானா எரியவில்லையா என்று இரு கட்சிகள் லாவணி பாடி வாதிடும் வழக்கத்தால் அறியப்பட்டதுமாகிய இவ்விழா, தொழிலாளரோடு கடல் கடந்து மலையகத்தில் வேரூன்றியது. மாசி மாத அமாவாசைக்குப் பின் மூன்றாம் பிறை காணும் நாளையொட்டி, லயங்களுக்கு நடுவே உள்ள வெளியில் காமன் கம்பம் ஊன்றப்படும். அவ்வெளிக்குக் காமன் பொட்டல் என்று பெயர். அன்றுமுதல் இரவுதோறும் தப்பு முழங்க, கூத்து வாத்தியார் பாட, விரதம் பூண்ட ஆடவர் இருவர் ரதியாகவும் மன்மதனாகவும் வேடமிட்டு ஆடுவர். பௌர்ணமியை ஒட்டிய இரவில் கூத்து உச்சம் அடையும்: ரதிக்கும் மன்மதனுக்கும் திருமணம் நடக்கும்; சிவனின் தவத்தைக் கலைக்குமாறு தூதன் வந்து அழைப்பான்; தீய கனவு கண்ட ரதி போகவேண்டாமென்று கணவனைத் தடுப்பாள்; அவளை விட்டுச் செல்லும் மன்மதன் மலர்க்கணை தொடுத்து நெற்றிக்கண் நெருப்பில் எரிவான். விடியும் வேளையில் ரதியின் ஒப்பாரி எழும். மூன்றாம் நாள் மன்மதன் உயிர்ப்பிக்கப்படுவான்.

இக்கூத்து ஏன் இம்மக்களிடம் இத்தனை ஆழமாகப் பதிந்தது என்று கேட்டால், கதையின் அமைப்பிலேயே விடை இருக்கிறது. மேலிடத்து ஆணையை மறுக்கமுடியாமல் மனைவியின் சொல்லைத் தட்டிவிட்டுப் போகும் கணவன், போனவன் திரும்பாத பெண் ஆகிய இருவரையும் ஒவ்வொரு லயமும் அறிந்திருந்தது. உயிர் பெற்றபின்னும் மன்மதன் உருவற்றவனாகவே இருப்பான், ரதியின் கண்ணுக்கு மட்டும் தெரிவான் என்பது புராணம் சொல்லும் முடிவு. கடலுக்கு அப்பால் இருக்கும் துணையை மனத்தில் மட்டும் கண்டு வாழ்ந்தவர்க்கு இம்முடிவு எவ்வளவு நெருக்கமானதாக இருந்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை. காமன் பொட்டலில் ரதி புலம்பும்போது கூடியிருந்த பெண்கள் தம் சாவுகளையும் பிரிவுகளையும் எண்ணி உடன் அழுதனர்; ஒரு பெண் தன் துயரைத் தனியே அழுதால் அது வீட்டு விவகாரம், ரதியோடு அழுதால் அது தெய்வகாரியம். விடியற்காலையில் ஆளை வேலைக்கு எழுப்பிய அதே தப்பு, ஆண்டில் சில இரவுகளேனும் மன்மதனை எழுப்பப் பயன்பட்டது. திருமணம் கைகூடாதவர்களும் பிள்ளைப்பேறு வாய்க்காதவர்களும் காமனுக்கு நேர்ந்துகொள்ளும் வழக்கமும் தோட்டங்களில் உண்டு. மாத்தளை வடிவேலன், சாரல்நாடன், அந்தனி ஜீவா முதலிய மலையக எழுத்தாளர்கள் இத்தகைய கலைகளைப் பற்றி எழுதிப் பாதுகாத்ததற்குத் தமிழுலகம் கடமைப்பட்டுள்ளது.

தோட்டத்தின் மறுமுனையில், பங்களாவிலும் தனிமை குடியிருந்தது. இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொட்லாந்திலிருந்தும் இளவயதில் வந்த சின்னத்துரைமார், ஆங்கிலேயப் பெண்கள் மிகக் குறைவாக இருந்த மலையில், பல ஆண்டுகள் மணமின்றியே கழித்தனர். 1876இல் நுவரெலியாவில் தொடங்கப்பட்ட ஹில் கிளப் போன்ற சங்கங்கள் அவர்கள் கூடிக் குடிப்பதற்கு இடமளித்தன. அவர்களது தனிமைக்கு விலை கொடுத்தோர் பெரும்பாலும் தோட்டப் பெண்களே. துரைக்கும் தொழிலாளிப் பெண்ணுக்கும் இடையே ஏற்பட்ட உறவுகளில் சில பாசத்தால் நீடித்திருக்கலாம். ஆனால் ஒருவர் சொல்லால் மற்றவரின் வேலையும் வீடும் பறிபோகக்கூடிய இடத்தில் சம்மதம் என்ற சொல் தன் பொருளை இழந்துவிடுகிறது. அவ்வுறவில் பிறந்த பிள்ளைகளைத் தந்தையின் உலகமும் தாயின் லயமும் ஏற்கத் தயங்கின. அப்படிப்பட்ட பிள்ளைகளுக்காகவே 1920களில் கிறித்தவ ஊழியரான ஆர்னல்ட் பெயின்டர் நுவரெலியாவில் ஓர் இல்லத்தை நிறுவி நடத்தினார். 

ஆட்சியாளர்க்கும் ஆளப்பட்டோர்க்கும் திருமணச் சட்டம் எவ்வளவு வேறாக இருந்தது என்பதற்கு மற்றொரு செய்தியும் சான்றாகும். வலப்பனைப் பகுதிச் சிங்களக் குடியானவர்கள் நெல்வரி கட்ட முடியாமல் நிலம் இழந்து பட்டினியால் மாண்டதை 1880களில் வெளிக்கொணர்ந்தவரும், 1893இல் நுவரெலியா மாவட்டத்துக்கான கையேட்டை எழுதியவருமான அரசாங்க அதிகாரி லெ மெசூரியர், தம் மனைவியிடமிருந்து மணவிலக்குக் கோரித் தொடுத்த வழக்கு இலண்டன் கோமறைக் கழகம் வரை சென்றது. ஒருவரின் நிலையான வதிவிடம் எதுவோ அந்நாட்டு நீதிமன்றத்துக்கே மணவிலக்கு வழங்கும் அதிகாரம் உண்டு என்று 1895இல் அங்கே அளிக்கப்பட்ட தீர்ப்பு, பிரித்தானியப் பேரரசு முழுவதும் மேற்கோளாயிற்று. ஒரு வெள்ளை அதிகாரியின் மணமுறிவு உலகச் சட்டநூல்களில் இடம்பெற்ற அதே காலத்தில், அவர் ஆண்ட மாவட்டத்தின் தோட்டங்களில் மஞ்சட்கயிறு கட்டி நடந்த ஆயிரக்கணக்கான மணங்கள் எந்தப் பதிவேட்டிலும் ஏறவில்லை. வழக்கப்படி மணமுடித்தல் போதுமென்று மக்கள் கருதினர். பதிவாளரிடம் போக ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். நிர்வாகத்துக்கும் அதில் அக்கறை இருக்கவில்லை.

பதியப்படாத அம்மணங்களே அரை நூற்றாண்டுக்குப் பின் அவர்களுக்கு எதிராகத் திரும்பின. 1903இல் நானுஓயாவிலிருந்து நுவரெலியா வரையும், அடுத்த ஆண்டில் இராகலை வரையும் ஓடத் தொடங்கிய உடப்புசல்லாவைக் குறுகிய ரயில்பாதையும், 1914இல் தலைமன்னார் வரை திறக்கப்பட்ட ரயில்பாதையும் ஊருக்கும் மலைக்கும் இடைப்பட்ட தொலைவைச் சுருக்கியிருந்தன. ஊருக்குப் போய்ப் பெண் பார்த்து மணமுடித்துத் திரும்பும் வழக்கம் பெருகியிருந்தது. 1939 ஆகஸ்ட் 1 முதல் தொழிலாளர் இலங்கைக்குக் குடிபெயர்வதை இந்திய அரசு தடைசெய்ததும் அப்போக்குவரத்து நிலைகுலைந்தது. பின் 1948ஆம் ஆண்டு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டு இந்திய பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம் அவர்களுக்கு ஒரு குறுகிய வாயிலைத் திறந்தபோது, 1946 தொடக்கத்துக்கு முன் மணமானவர் 7 ஆண்டும் மணமாகாதவர் 10 ஆண்டும் இடைவிடாது இலங்கையில் வாழ்ந்திருக்க வேண்டுமென்று விதித்தது. மணமானவரின் மனைவியும் திருமணமாகி ஓராண்டுக்குள் இலங்கைக்கு வந்து, அதன்பின் இங்கேயே தொடர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்றும் நிபந்தனை இருந்தது.

ஒரு சட்டம் மக்களின் இல்லறத்துக்குள் இவ்வளவு ஆழமாகக் கைநுழைத்த நிகழ்வு இலங்கை வரலாற்றில் அரிது. மகப்பேற்றுக்காகத் தாய்வீடு சென்றவள், மாமியாரின் சாவுக்காக ஊர் போய் மழையில் மாட்டிக்கொண்டவள், கணவன் காசு சேர்க்கும்வரை ஊரிலேயே காத்திருந்தவள் என்று எந்தப் பெண்ணின் பயணமும் கணவனின் குடியுரிமையைக் கெடுக்கக்கூடியதாயிற்று. மணம் எந்த நாளில் நடந்தது என்பதற்குத் தாள் கேட்டபோது, தப்படித்து ஊரறிய நடந்த திருமணத்துக்குத் தாள் இருக்கவில்லை. ஏறத்தாழ 8,25,000 பேரைக் குறித்து ஏறத்தாழ 2,37,000 விண்ணப்பங்கள் கொடுக்கப்பட்டன; ஏறத்தாழ 1,34,000 பேருக்கே அச்சட்டத்தின் கீழ் குடியுரிமை கிடைத்தது.

1964 அக்டோபர் 30இல் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் கையொப்பமிட்ட உடன்படிக்கை, 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவு செய்தது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை 1974இல் சரிபாதியாகப் பிரித்துத் தீர்க்கப்பட்டது. எண்களைப் பங்கிட்ட இரு அரசுகளும், அவ்வெண்களுக்குள் கணவரும் மனைவியரும் காதலரும் இருப்பதை எண்ணிப்பார்த்ததாகத் தெரியவில்லை. ஒரே காம்பராவில் வாழ்ந்த அண்ணன் இந்தியப் பிரஜையாகவும் தம்பி இலங்கைப் பிரஜையாகவும் ஆயினர். பெண் கேட்டு வருவோரிடம் குலமும் முறையும் விசாரித்த பெற்றோர், இப்போது எந்த நாட்டுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறீர்கள் என்றும் விசாரிக்கத் தொடங்கினர். பேசி முடித்த சம்பந்தங்கள் கடவுச்சீட்டு வந்ததும் முறிந்தன. வேறு சில, கப்பலேறும் நாள் நெருங்கியதால் அவசரமாக நடந்தேறின. தலைமன்னார்த் துறையிலிருந்து இராமேசுவரம் சென்ற கப்பலில் ஏறியோரில் பலர் நீலகிரியின் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலும், அவர்களுக்கெனத் தமிழ்நாட்டு அரசு தொடங்கிய டான்டீ தேயிலைத் தோட்டங்களிலும் குடியேறினர். அங்கேயும் தேயிலை, அங்கேயும் லயம். உடன் வளர்ந்தவர் மட்டும் இல்லை. இலங்கை உள்நாட்டுப் போரின் காரணமாக 1984இல் கப்பல் நின்றபோது, புறப்படக் காத்திருந்தோர் இக்கரையிலும் முன்பே போய்விட்டோர் அக்கரையிலுமாக நின்றுவிட்டனர். 1964இல் வெளிவந்த கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ நாவலும், தெளிவத்தை ஜோசப்பின் ‘நாமிருக்கும் நாடே’ தொகுதியும் இம்மக்களின் வாழ்வை இலக்கியமாக்கின. ஆயினும் பிரிக்கப்பட்ட இணைகளின் தொகையை எந்த அரசும் கணக்கெடுத்ததில்லை.

1988, 2003 ஆகிய ஆண்டுகளின் சட்டங்களால் நாடற்ற நிலை பெரும்பாலும் முடிவுக்கு வந்தபின், பிரிவு வேறு வடிவம் கொண்டது. இராகலை, உடப்புசல்லாவைப் பகுதி இளைஞர் கொழும்பில் கடை வேலைக்கும், இளம்பெண்கள் ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் வீட்டு வேலைக்கும் செல்கின்றனர். மணமான பெண்கள் பலர் மத்திய கிழக்கு நாடுகளுக்குப் போய் ஆண்டுக்கணக்கில் தங்குகின்றனர். கோப்பிக் காலத்தில் கணவன் போக மனைவி காத்திருந்தாள். இப்போது மனைவி போகக் கணவனும், பிள்ளைகளைச் சுமக்கும் பாட்டியும் காத்திருக்கின்றனர். 2021இல் நாட்கூலி 1000 ரூபாயாக உயர்த்தப்பட்டபோதும், நாள்தோறும் நிறைவு செய்யவேண்டிய கொழுந்தின் நிறை காரணமாக அத்தொகை எல்லோருக்கும் முழுமையாகக் கைக்கு வரவில்லை. வெளியேறுவதற்குரிய காரணம் அப்படியே இருக்கிறது. கைபேசி வந்தபின் துணைதேடலும் தோட்ட எல்லையைத் தாண்டிவிட்டது. கங்காணியின் சம்மதத்தை யாரும் இன்று கேட்பதில்லை. லயங்களுக்கு மாற்றாகத் தனிவீடு கட்டும் திட்டங்கள் மெதுவாகவே நடந்தாலும், கதவைச் சாத்திக்கொள்ளக்கூடிய ஓர் அறை கணவன் மனைவிக்குக் கிடைக்கத் தொடங்கியிருப்பது, இந்த இருநூறு ஆண்டுகளில் இம்மக்களின் இல்லறத்துக்கு நேர்ந்த நன்மைகளில் முதன்மையானது.

2023இல் மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபயணம் சென்று முன்னோரை நினைவுகூர்ந்தபோது, வழியில் மாண்டவர்களும் மலையில் உழைத்தவர்களும் போற்றப்பட்டனர். அவர்கள் நேசித்ததற்கும் காத்திருந்ததற்குமான சான்றுகள் இன்னும் தொகுக்கப்படவில்லை. லயங்கள் இடிக்கப்படும்போது மரப்பெட்டிகளில் கிடக்கும் ஊர்க்கடிதங்களும், கப்பலேறும் முன் எடுத்த குடும்பப் படங்களும் குப்பைக்குப் போகின்றன. காமன் கூத்தின் பாடல்களை முழுமையாக அறிந்த வாத்தியார்கள் முதுமையடைந்துவிட்டனர். பல்கலைக்கழகங்களும், தொழிற்சங்கங்களும், அப்பகுதியில் பிறந்து வெளியே வாழும் கல்வி கற்றோரும், உடப்புசல்லாவை முதலான ஒவ்வொரு வட்டாரத்திலும் முதியோரின் திருமணக் கதைகளையும் கூத்துப் பாடல்களையும் குரலாகவும் எழுத்தாகவும் பதிந்து, அவர்கள் உயிரோடிருக்கும்போதே ஓர் ஆவணகத்தில் சேர்க்க வேண்டும்.